ஸ்டான்ஃபோர்ட்ங்கற பேருக்காக பேஸ்பால் ஆடற பையனை அங்க அனுப்பலாமா?

நீங்க எழுதினதுல இருந்து எனக்குப் புரிஞ்சது இது. பையன் டெக்சஸ்ல லெவன்த் கிரேட் படிக்கிறான், ரைட் ஹேண்ட் பிட்ச்சர் (பந்து வீசறவன்), ஃபாஸ்ட்பால் மணிக்கு 88, 89 மைல் வருது, மார்க்கும் நல்லா இருக்கு, கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கணும்னு ஆசை. ஸ்டான்ஃபோர்ட் கோச்சிங் ஸ்டாஃப்ல ஒருத்தர் பேசி ட்ரான்ஸ்கிரிப்ட் (மார்க் பட்டியல்) அனுப்பச் சொல்லியிருக்கார், இன்னொரு பக்கம் உங்க ஸ்டேட்லயே ஒரு பெரிய பேஸ்பால் யூனிவர்சிட்டி ஸ்காலர்ஷிப் தர்றோம்னு கூப்பிடுது, இதுல ஸ்டான்ஃபோர்ட்ங்கற பேருக்கு எவ்வளவு மதிப்பு குடுக்கலாம்னு கேட்டிருக்கீங்க. ஆனா கடைசி வரில போற போக்குல "அங்க போய் பெஞ்ச்லயே உக்காந்துட்டா என்ன பண்றது"ன்னு ஒன்னு கேட்டீங்களே, நெஜமான கேள்வி அதுதான். பேர் பெருசா இல்லையாங்கறதுல யாருக்கும் சந்தேகம் இல்ல, ஆடறதுக்கு இடம் கிடைக்காத பையனுக்கு அந்தப் பேர் எதுக்கு ஆகும்ங்கறதுதான் விஷயம்.

நான் இங்க ஒரு யூனிவர்சிட்டியோட அத்லெட்டிக் டிபார்ட்மென்ட்ல பல வருஷமா அகடமிக் அட்வைசரா இருக்கேன் (ஸ்டான்ஃபோர்ட் இல்ல, உங்களைக் கூப்பிடற அந்த ஸ்கூலும் இல்ல). பேஸ்பால் பசங்களோட கிளாஸ், லேப், எக்ஸாம் எல்லாத்தையும் மேட்ச் ஷெட்யூலுக்கு நடுவுல சொருகறதுதான் என் பொழப்பு. ஸ்கவுட் (திறமையான ஆட்டக்காரங்களைத் தேடிக் கண்டுபிடிக்கறவர்) இல்ல, அதனால உங்க பையன் 94க்கு போவானா 90லயே நின்னுடுவானான்னு என்கிட்ட கேக்காதீங்க, அதை அவன் வீடியோவ பாத்துட்டு அடிச்சு சொல்றவங்களையும் ரொம்ப நம்பாதீங்க. பசங்க உள்ள வந்ததுக்கு அப்புறம் என்ன ஆகுதுங்கறதுதான் எனக்குத் தெரிஞ்ச பக்கம்.

மொதல்ல ஒன்னு தெளிவாகிக்கணும், ட்ரான்ஸ்கிரிப்ட் கேட்டது ஆஃபர் இல்ல. லெவன்த் கிரேட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வர்ற ஆகஸ்ட் 1ல இருந்துதான் டிவிஷன் 1 (காலேஜ் விளையாட்டுல மேல் மட்டம்) கோச்சுங்க பசங்களோட நேரடியா பேசலாம்ங்கறது விதி, அந்த நாள் வந்ததும் அவங்க நிறைய பேருக்கு போன் பண்ணுவாங்க, நிறைய பேர்கிட்ட ட்ரான்ஸ்கிரிப்ட் வாங்குவாங்க. மத்த ஸ்கூல்கள்ல கோச் ஓகே சொன்னா அட்மிஷன் பெரும்பாலும் பின்னாடியே வந்துடும், ஸ்டான்ஃபோர்ட் மாதிரி இடத்துல கோச் விரும்பினாலும் அட்மிஷன் ஆஃபீஸ் தனியா பாத்து சரின்னு சொன்னாதான் உண்டு. அதனாலதான் அங்க கோச் மொதல் கேள்வியா பிட்ச் ஸ்பீடு கேக்காம மார்க் கேக்கறார், ஏபி கிளாஸ் (ஹைஸ்கூல்லயே எடுக்கற காலேஜ் லெவல் பாடம்) எத்தன எடுத்திருக்கான், சீனியர் இயர்ல என்ன எடுக்கப் போறான்னு தோண்டுவாங்க, எஸ்ஏடி ஏசிடி (காலேஜ் அட்மிஷனுக்கான பொதுத் தேர்வு) மார்க்கும் இப்ப மறுபடி கட்டாயம். வாய்வார்த்தையா கமிட் பண்றது ரெண்டு பக்கத்தையும் கட்டுப்படுத்தாது, முன்னாடி ஒரு ஸ்கூல்லதான் சேருவேன்னு கையெழுத்து போட்டுட்டு இருந்த நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்டையும் 2024 அக்டோபர்ல எடுத்துட்டாங்க. அதனால "ஸ்டான்ஃபோர்டா, நம்ம ஸ்டேட் ஸ்கூலா"ன்னு தராசு பிடிக்கறதுக்கு முன்னாடி, ஒரு தட்டுல நெஜமா ஏதாவது இருக்கான்னு கேட்டுத் தெரிஞ்சுக்கங்க. பையனே கோச்கிட்ட "என்னோட கிளாஸ்ல எத்தன ரைட் ஹேண்டர் எடுக்கறீங்க, அந்த லிஸ்ட்ல நான் எங்க இருக்கேன்"னு நேரா கேக்கலாம், அதுல தப்பே இல்ல. அப்பா அம்மா கேக்கறதவிட அவன் கேட்டா கோச்சுக்குப் பிடிக்கும்.

அடுத்தது, யூனிவர்சிட்டியோட பேரும் பேஸ்பால் ப்ரோக்ராமோட பேரும் ஒன்னு இல்ல, இதைத்தான் நம்ம ஆளுங்க அடிக்கடி கலந்துக்கறாங்க. ஸ்டான்ஃபோர்ட் 1987, 88ல மார்க் மார்கெஸ் கோச்சா இருந்தப்ப தொடர்ந்து ரெண்டு வருஷம் காலேஜ் வேர்ல்ட் சீரிஸ் (காலேஜ் பேஸ்பாலோட தேசிய இறுதிச் சுற்று) ஜெயிச்சுது. டேவிட் எஸ்கர் வந்த பிறகு 2021, 22, 23னு மூணு வருஷமும் அந்த இறுதிச் சுற்று நடக்கற ஒமாஹா ஊருக்குப் போனாங்க. அதுக்கு அடுத்த ரெண்டு வருஷம் என்சிஏஏ (காலேஜ் விளையாட்டை நடத்தற அமைப்பு) டோர்னமென்ட்டுக்கே போகல. இந்த ஏற்ற இறக்கத்துல ஸ்டான்ஃபோர்ட் டிகிரியோட மதிப்பு ஒரு பைசா கூடவும் இல்ல குறையவும் இல்ல. உங்க ஊர் பக்கத்துலயே ரைஸ் இருக்கே, அதைப் பாருங்க, வேய்ன் கிரஹாம் கோச்சா இருந்த காலத்துல 2003ல நேஷனல் சாம்பியன், அடுத்த வருஷம் ட்ராஃப்ட்ல (மேஜர் லீக் டீம்கள் புது ஆட்டக்காரங்களைத் தேர்ந்தெடுக்கறது) முதல் எட்டு பேருக்குள்ள மூணு பேர் ரைஸ் பிட்ச்சர்ஸ், 1995ல இருந்து 2017 வரைக்கும் ஒரு வருஷம் விடாம டோர்னமென்ட் போனாங்க, அதுக்கப்புறம் அந்தத் தொடர் அறுந்துபோச்சு. படிப்புல ரைஸ் அன்னைக்கு எங்க இருந்துதோ இன்னைக்கும் அங்கதான் இருக்கு. ரெண்டும் சேந்து ரொம்ப வருஷம் நிலைச்ச இடம்னா வாண்டர்பில்ட்டை சொல்லலாம், கோச் டிம் கார்பின் 2003 சீசன்ல இருந்து அங்கயே இருக்கார், 2014லயும் 2019லயும் பட்டம், டேவிட் ப்ரைஸ், டான்ஸ்பி ஸ்வான்சன்னு ட்ராஃப்ட்ல நம்பர் ஒன்னா போனவங்க உண்டு, அம்மா வழில இந்திய வம்சாவளியான குமார் ராக்கர் 2019ல ட்யூக்குக்கு எதிரா 19 ஸ்ட்ரைக்அவுட்டோட நோ-ஹிட்டர் (எதிர் டீமுக்கு ஒரு ஹிட்கூட விடாத கேம்) போட்டதும் அங்க ஆடறப்பதான். ஆனா அப்படி ஒரே கோச் இருபது வருஷத்துக்கு மேல உக்காந்திருக்கறதெல்லாம் அபூர்வம். 2025 ஜூன்ல என்ன ஆச்சுன்னா, வர்ஜீனியாவுல 2015ல பட்டம் வாங்கிக் குடுத்த ப்ரையன் ஓ'கானர் மிசிசிப்பி ஸ்டேட் போயிட்டார், அந்த இடத்துக்கு ட்யூக்ல இருந்த கிறிஸ் போலார்ட் வந்துட்டார், ஒரே மாசத்துல படிப்புக்குப் பேர்போன ரெண்டு ஸ்கூல்ல பசங்களைச் சேத்துவிட்ட கோச் காணாம போயிட்டாங்க. பசங்க பல பேர் கோச் பின்னாடியே போனாங்க. ஆகையால கோச்சுக்காக ஒரு ஸ்கூலுக்குப் போறது பாதி கணக்குதான், அந்த கோச் போயிட்டாலும் பையன் அங்க இருக்க விரும்புவானாங்கறது மீதி. இந்த இடத்துல ஸ்டான்ஃபோர்ட் மாதிரி பேர் நெஜமாவே உதவும், கோச் போனாலும் டிகிரி எங்கயும் போகாது.

இப்ப பெஞ்ச் விஷயத்துக்கு வர்றேன், நான் அதிகமா பாத்ததும் இதைத்தான். முன்னாடி டிவிஷன் 1 பேஸ்பால்ல ஒரு டீமுக்கு மொத்தமே 11.7 ஸ்காலர்ஷிப், அதை 27 பேர் வரைக்கும் பிச்சு பிச்சுக் குடுப்பாங்க. 2025 ஜூன்ல ஹவுஸ் கேஸ் (காலேஜ் ஆட்டக்காரங்களுக்குப் பணம் குடுக்கறது பத்தி என்சிஏஏ மேல போட்ட வழக்கு) செட்டில்மென்ட்டுக்கு கோர்ட் ஒப்புதல் குடுத்த பிறகு, அதுல சேந்த ஸ்கூல்களுக்கு அந்த உச்சவரம்பு போச்சு, பதிலா ரோஸ்டர் (டீம் பட்டியல்) 34 பேர்னு ஆச்சு. கேக்க நல்லாத்தான் இருக்கு, 34 பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் குடுக்கலாம். ஆனா குடுக்கலாம்ங்கறதுதான் விதி, குடுப்பாங்கன்னு இல்ல, ஒவ்வொரு ஸ்கூலும் பேஸ்பாலுக்கு எவ்வளவு ஒதுக்குதுங்கறது வேற வேற. இதோட 2024 ஏப்ரல்ல ட்ரான்ஸ்ஃபர் கட்டுப்பாட்டையும் தளர்த்தினாங்க, படிப்புல பாஸ் ஆகியிருந்தா எத்தன தடவை வேணும்னாலும் ஸ்கூல் மாறி உடனே ஆடலாம். ரெண்டையும் சேத்துப் பாருங்க, இடம் கம்மி, அந்த இடத்துக்கும் 18 வயசு பையனோட போட்டி போட 22 வயசுல மூணு வருஷம் காலேஜ்ல பிட்ச் பண்ணிட்டு ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் (ஸ்கூல் மாற விரும்பறவங்க பேர் குடுக்கற பட்டியல்) வழியா வர்றவன் நிக்கறான். பெரிய பேஸ்பால் ஸ்கூல்கள்ல இது ரொம்ப கடுமையா நடக்குது, ஏர் ஃபோர்ஸ்ல ஆடிட்டு இருந்த பால் ஸ்கீன்ஸ் எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட் யூனிவர்சிட்டி) போய் 2023ல பட்டமும் ஜெயிச்சு அதே வருஷம் ட்ராஃப்ட்ல நம்பர் ஒன்னாவும் போனதுக்கு அப்புறம் எல்லா கோச்சுக்கும் அந்த ருசி பட்டுடுச்சு. ஸ்டான்ஃபோர்ட்ல மத்த காலேஜ்ல இருந்து இளங்கலைக்கு ட்ரான்ஸ்ஃபர் எடுக்கறது ரொம்பவே கம்மி, அட்மிஷன் ஆஃபீஸ் விடாது. அதனால அங்க ஃப்ரெஷ்மேனா (முதல் வருஷம்) போற பையன்களை வச்சுத்தான் டீமை ஓட்டியாகணும், கோச்சுக்கு இது தலைவலி, உங்க பையனுக்கு நல்லது. பேரைத் தாண்டி ஸ்டான்ஃபோர்ட்ல இருக்கற பெரிய பேஸ்பால் சாதகமே என் கண்ணுக்கு இதுதான், ஆனா இதை யாரும் பேசறது இல்ல.

இதை நம்பிக்கைல விடாம நீங்களே எண்ணிப் பாத்துக்கலாம். ரெண்டு ஸ்கூலோட ரோஸ்டர் பேஜையும் எடுங்க, மூணு வருஷத்துக்கு முன்னாடி இருந்த ரோஸ்டரையும் எடுங்க, பழசெல்லாம் அந்தந்த சைட்லயே கிடைக்கும். அன்னைக்கு ஃப்ரெஷ்மேனா இருந்த ரைட் ஹேண்ட் பிட்ச்சர்ஸ்ல இன்னைக்கு எத்தன பேர் அதே டீம்ல இருக்காங்க, எத்தன பேர் ட்ராஃப்ட்ல போனாங்க, எத்தன பேர் வேற ஸ்கூல்ல இருக்காங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. மொத வருஷம் ஒவ்வொருத்தரும் எத்தன இன்னிங்ஸ் போட்டாங்கன்னும் ஸ்டாட்ஸ்ல இருக்கும். கூடவே அவங்க பேருக்குப் பக்கத்துல என்ன மேஜர்னு (முக்கியப் பாடம்) போட்டிருப்பாங்க, அதையும் பாருங்க. ஒரு சாயங்காலம் ஆகும், ஆனா கேம்பஸ் டூர்ல லாக்கர் ரூம் காட்டி மயக்கறதவிட இந்தப் பேப்பர் நிறைய சொல்லும்.

மேஜர்னு சொன்னதும் என் ஏரியாவுக்கு வந்துட்டோம். டிவிஷன் 1 பேஸ்பால்ல பிப்ரவரி நடுவுல ஆரம்பிச்சு மே கடைசிக்குள்ள 56 கேம், வெள்ளி சனி ஞாயிறு சீரிஸ், நடுவுல செவ்வாய்க்கிழமை ஒன்னு. வெளியூர் சீரிஸ்னா வியாழக்கிழமையே கெளம்பணும். ஸ்டான்ஃபோர்ட் 2024ல இருந்து ஏசிசில (அட்லான்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்) இருக்கு, ஒன்னோட ஒன்னு ஆடற ஸ்கூல்களோட அந்தக் கூட்டமைப்புல பாதி டீமுக்கு மேல கிழக்குக் கரைப் பக்கம், மூணு மணி நேர டைம் வித்தியாசம், ஞாயித்துக்கிழமை கேம் முடிச்சு ஃப்ளைட் பிடிச்சு ராத்திரி வந்து எறங்கி திங்கக்கிழமை காலைல கிளாஸ். அங்க குவார்ட்டர் சிஸ்டம் வேற, பத்து வாரத்துல ஒரு கோர்ஸ் முடிஞ்சுடும், செமஸ்டர்ல ரெண்டு கிளாஸ் விட்டா சமாளிக்கலாம், இங்க ரெண்டு கிளாஸ் விட்டா மிட்டெர்ம் வந்து நிக்கும். ஸ்ப்ரிங் குவார்ட்டர் ஃபைனல்ஸ் ஜூன்ல வருது, டோர்னமென்ட்டும் சரியா அப்பத்தான், டீம் நல்லா ஆடினா பையன் ஹோட்டல் ரூம்ல எக்ஸாம் எழுதுவான். கம்ப்யூட்டர் சயின்ஸ் முடியாதான்னா முடியும், டாமி எட்மன் அங்க மேத்தமேட்டிகல் அண்ட் கம்ப்யூட்டேஷனல் சயின்ஸ் படிச்சுட்டுதான் 2016ல ஆறாவது ரவுண்டுல போனார், 2024ல டாட்ஜர்ஸுக்கு ஆடி நேஷனல் லீக் இறுதிச் சீரிஸ்ல சிறந்த ஆட்டக்காரர் விருது (என்எல்சிஎஸ் எம்விபி) வாங்கினார். ஆனா எட்மன் மாதிரி ஒருத்தரைக் காட்டி எல்லாருக்கும் முடியும்னு நான் சொல்ல மாட்டேன். நான் பாத்த வரைக்கும் எஞ்சினியரிங், சிஎஸ்னு சொல்லிட்டு வர்ற பேஸ்பால் பசங்கள்ல நிறைய பேர் ரெண்டாவது வருஷத்துக்குள்ள மதியம் லேப் இல்லாத மேஜருக்கு மாறிடறாங்க, சில இடத்துல அட்வைசரே நைசா தள்ளிவிடறதும் உண்டு. இது எந்த ஸ்கூலா இருந்தாலும் நடக்கறது, உங்க ஸ்டேட் ஸ்கூல்லயும் நடக்கும். என்ன, ஸ்டான்ஃபோர்ட்ல மேஜர் மாறினாலும் வெளில வர்றப்ப ஸ்டான்ஃபோர்ட்தான். அங்க பேர் நெஜமாவே வேலை செய்யுது.

ட்ராஃப்ட் பத்தி ரெண்டு வார்த்தை. நாலு வருஷ காலேஜ்ல சேந்துட்டா மூணாவது வருஷம் முடிஞ்சோ இல்ல 21 வயசு ஆனாலோதான் ட்ராஃப்ட்ல வர முடியும், இப்ப 20 ரவுண்டு, மொத்தமா 600 பேருக்குக் கொஞ்சம் மேல, அதுல ஹைஸ்கூல் பசங்களும் ஜூனியர் காலேஜ் பசங்களும் சேத்தி. டிவிஷன் 1ல மட்டும் சுமார் 300 டீம், டீமுக்கு 34னா பத்தாயிரம் பேர். மேல இருக்கறவங்களுக்கு ஸ்டான்ஃபோர்ட் ஒரு தடையும் இல்ல, மைக் முஸ்ஸினா 1987ல ஹைஸ்கூல்ல ஓரியோல்ஸ் டீம் கூப்பிட்டப்ப வேண்டாம்னுட்டு ஸ்டான்ஃபோர்ட் போனார், எகனாமிக்ஸ் டிகிரிய மூணரை வருஷத்துல முடிச்சார், 1990ல அதே ஓரியோல்ஸ் முதல் ரவுண்டுல எடுத்தாங்க, இன்னைக்கு ஹால் ஆஃப் ஃபேம்ல இருக்கார். ஸ்டான்ஃபோர்ட் பிட்ச்சர் மார்க் அப்பெல் 2012 ட்ராஃப்ட்ல எட்டாவது ஆளா போன இடத்துல கையெழுத்து போடாம ஸ்டான்ஃபோர்டுக்கே திரும்பி வந்து நாலாவது வருஷத்தை முடிச்சார், 2013ல நம்பர் ஒன்னா போனார், அப்புறம் தோள் முழங்கைன்னு வரிசையா தொல்லை, 2018ல விட்டுட்டே போயிட்டார், திரும்பி வந்து மேஜர் லீக்ல மொத தடவை பிட்ச் பண்றப்ப வயசு 30, வருஷம் 2022. நம்பர் ஒன்னா போனவனுக்கே இந்தக் கதின்னா 89 மைல் பையனுக்கு டிகிரி எவ்வளவு முக்கியம்னு நான் சொல்லணுமா. பிட்ச்சர் கை எப்ப போகும்னு யாருக்கும் தெரியாது, டாமி ஜான்ங்கற முழங்கை ஆபரேஷன்னா ஒரு வருஷத்துல இருந்து ஒன்றரை வருஷம் ஓடிடும். பெரிய கான்ஃபரன்ஸ்கள்ல காயத்துக்காக ஸ்காலர்ஷிப்பை நிறுத்தக் கூடாதுன்னு விதி இருக்கு, ஆனா "உனக்கு இங்க இடம் வராது, வேற ஸ்கூல் பாரு"ன்னு கோச் சொல்றதை எந்த விதியும் தடுக்காது.

நீங்க கேக்கல, ஆனா 88, 89னு சொன்னதால ஐவி லீக்கையும் (ஹார்வர்ட், யேல், ப்ரின்ஸ்டன், டார்ட்மவுத் மாதிரி ஸ்கூல்கள்) லிஸ்ட்ல வைங்க. கைல் ஹெண்ட்ரிக்ஸ் டார்ட்மவுத்ல ஆடி எட்டாவது ரவுண்டுல போனவர், 87, 88லயே வாழ்க்கைய ஓட்டி 2016 வேர்ல்ட் சீரிஸ் (மேஜர் லீக் இறுதிச் சீரிஸ்) ஏழாவது கேமை கப்ஸ் டீமுக்காக ஆரம்பிச்சு வச்சவர். அவர் ஒரு விதிவிலக்குதான், அதை வச்சு கணக்கு போடக் கூடாது. நான் சொல்ல வந்தது அந்தப் பேர் மைதானத்துக்கு வெளில என்ன பண்ணுதுங்கறது. ரேஞ்சர்ஸ் டீம் 2023ல வேர்ல்ட் சீரிஸ் ஜெயிச்சப்ப ஜெனரல் மேனேஜரா இருந்த கிறிஸ் யங் ப்ரின்ஸ்டன்ல பிட்ச் பண்ணவர், வொயிட் சாக்ஸ் மேனேஜர் வில் வெனபிள் அதே ப்ரின்ஸ்டன், ரெட் சாக்ஸ்ல பேஸ்பால் பக்கம் மொத்தத்தையும் பாத்துக்கற க்ரெய்க் ப்ரெஸ்லோ யேல்ல மாலிக்யூலர் பயோபிசிக்ஸ் படிச்சவர். ஆடிட்டு இருக்கற காலம் முடிஞ்ச பிறகும் பேஸ்பால்லயே இருக்க ஆசைப்படற பையனுக்கு, அதுவும் சிஎஸ் தெரிஞ்சவனுக்கு, அந்தக் கதவு ரொம்ப அகலமா இருக்கு. ஐவில அத்லெட்டிக் ஸ்காலர்ஷிப் கிடையாது, வருமானத்தைப் பாத்துதான் உதவி. ஹார்வர்ட் 2025ல இருந்து 2,00,000 டாலருக்குள்ள வருமானம் இருக்கற குடும்பத்துக்கு ட்யூஷன் இல்லன்னு ஆக்கிடுச்சு. ஸ்டான்ஃபோர்ட்ல முழுச் செலவு வருஷத்துக்கு 90,000 டாலரைத் தாண்டுது, பாதி ஸ்காலர்ஷிப்னு சொன்னா மீதி பாதி எவ்வளவுன்னு பாருங்க, ரெண்டு பேரும் ஐடில இருக்கற வீட்டுக்கு உதவித்தொகை பெருசா வராது. ஒவ்வொரு ஸ்கூல் சைட்லயும் நெட் ப்ரைஸ் கால்குலேட்டர் இருக்கு, கோச் சொல்ற பர்சென்டேஜை வச்சு முடிவு பண்ணாம அதுல உங்க நம்பரைப் போட்டு வர்ற டாலர் கணக்கை வச்சு ஒப்பிடுங்க.

இன்னொன்னு, நீங்க எந்த விசாவுல இருக்கீங்கன்னு எழுதல. பையன் இங்க பொறந்தவன்னா இந்தப் பத்திய தாண்டிடுங்க. எச்4ல (எச்1பி வேலை விசாவுல இருக்கறவங்க குடும்பத்துக்கான விசா) இருந்தா 21 வயசுல அது முடிஞ்சிடும், எஃப்1க்கு (மாணவர் விசா) மாத்தணும், அந்த ரெண்டு விசாவுலயும் வேலை செஞ்சு சம்பாதிக்கறதுக்கு கடும் கட்டுப்பாடு, அதனால மத்த பசங்களுக்கு வர்ற என்ஐஎல் பணம் (தன் பேரையும் படத்தையும் விளம்பரத்துக்கு விட்டு ஆட்டக்காரர் சம்பாதிக்கறது), யூனிவர்சிட்டி நேரடியா குடுக்கற பங்குப் பணம் எதையும் வக்கீலைக் கேக்காம தொடக் கூடாது. ஸ்காலர்ஷிப் வாங்கறதுல பிரச்சனை இல்ல. ஒரு ஸ்கூல் "ஸ்காலர்ஷிப் கம்மி, ஆனா என்ஐஎல்ல சரிக்கட்டிடலாம்"னு சொன்னா அது உங்க வீட்டுக்கு வெறும் காத்து. ட்ராஃப்ட்ல போனா டீம் வேற விசா வாங்கிக் குடுக்கும், அது அப்ப பாத்துக்கலாம்.

என் முடிவைக் கேட்டா, எல்லா மட்டத்துப் பையனுக்கும் ஒரே பதில் இல்ல. 95 போட்டு ட்ராஃப்ட்ல மேல போகப் போறவன் எங்க போனாலும் போவான், அவனுக்கு நல்ல பிட்ச்சிங் கோச் இருந்தா போதும், பேர் அதுக்கு மேல ஒரு அலங்காரம். உங்க பையன் மாதிரி நடுவுல இருக்கறவனுக்குத்தான் பேர் அதிகமா பெறும், ஏன்னா அவன் பேஸ்பால் 22 வயசுல முடிய வாய்ப்பு ஜாஸ்தி. அதனால ஸ்டான்ஃபோர்ட் நெஜமா ஆஃபர் குடுத்து, அட்மிஷனும் சரின்னு சொல்லி, கால்குலேட்டர் காட்டற தொகைய கடன் வாங்காம கட்ட முடியும்னா, நான் அதைத்தான் எடுப்பேன். கடன் வாங்கித்தான் ஆகணும்னா ரைஸ், ஐவி பக்கம் விலைய பாத்துட்டு அப்புறம் பேசுவேன். அந்த ஸ்டேட் ஸ்கூலை நான் எடுக்கறது ஒரே நிலைமைலதான்: பையன் மொத வருஷமே இன்னிங்ஸ் போடுவான்னு நீங்க எண்ணின அந்தப் பேப்பர் காட்டணும், சிஎஸ் டிபார்ட்மென்ட்லயும் நேரடி அட்மிஷன் கிடைக்கணும், ரெண்டும் சேந்து. வாட்ஸ்அப் குரூப்ல போட எந்தப் பேர் நல்லா இருக்கும்ங்கறதை தயவுசெஞ்சு இதுல சேக்காதீங்க, அந்த குரூப்ல யாரும் மார்ச் மாசம் ராத்திரி ஃப்ளைட்ல வந்து எறங்கி மிட்டெர்ம் எழுதப் போறது இல்ல.

ஸ்டான்ஃபோர்ட் கோச்சுக்கு பையன் இந்த வாரமே ஒரு மெயில் போடட்டும். அட்மிஷன்ல முன்கூட்டியே பாத்து சொல்ற வழக்கம் உங்க டீமுக்கு இருக்கா, எப்ப பதில் வரும், சிஎஸ் படிக்கற பிட்ச்சர் இப்ப யாராவது இருந்தா அவங்களோட பேச முடியுமான்னு கேக்கட்டும். ஸ்டேட் ஸ்கூல்கிட்ட முடிவு சொல்ல கடைசி தேதி என்னன்னு எழுத்துல வாங்குங்க. ரெண்டு நாள்ல சொல்லுன்னு அவசரப்படுத்தினாங்கன்னா ஸ்டான்ஃபோர்ட் பதில் வர்ற வரைக்கும் டைம் வேணும்னு வெளிப்படையா சொல்லிடுங்க, வேணுங்கற பையனுக்கு கோச்சுங்க காத்திருப்பாங்க. அந்த ரோஸ்டர் கணக்கை எடுத்தீங்கன்னா இங்க போடுங்க, பாத்துட்டு எழுதறேன்.